மெர்சி அக்காவின் தோட்டத்தில் நம் ஊர்ப் புடவைகள்

மெர்சி அக்கா போய்விட்டார் என்ற செய்தி மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் வந்தது. நான் என் மகள் நிஸ்ஸிக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. சளி பிடித்தால் இழுப்பு வந்துவிடும். அவள் மாஸ்க்கைத் தள்ள, நான் மறுபடி பொருத்த, அந்த மெஷின் இரைச்சலில் போன் அடித்தது காதில் விழவில்லை. கனடாவிலிருந்து என் வீட்டுக்காரர் சாலமன். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது.

"ஷீபா, அக்கா எழுந்திருக்கல" என்றார்.

அக்கா வீட்டிலேயே தங்கியிருந்த அவர், டியூட்டிக்கு நேரமாகிறதே என்று அக்காவின் கதவைத் தட்டியிருக்கிறார். பிறகு ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்களாம். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நான் நிஸ்ஸியின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர், பெரியம்மாவிடம் நீதான் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

மெர்சி அக்கா என் பெரியம்மாவின் ஒரே மகள். பெரியம்மா வீடு சித்தூரில் எங்கள் சந்தின் கடைசி வீடு. மாஸ்க் அழுத்திய தடம் கன்னத்தில் மறையாத குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பெரியம்மா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினார். சொன்னேன். அவர் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குளிரா?"

எனக்குப் புரியவில்லை. "அங்க இப்ப ரொம்ப குளிரா கீதா?" என்றார் திரும்பவும். இல்லை பெரீம்மா, ஹார்ட்டு என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கையிலிருந்த துணியை மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

சபை மடலுக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி நம் போதகர் ஐயர் அந்த மாதமே கேட்டார். தாமதம் என்னுடையதுதான். படிப்பெல்லாம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் போய்விட்டதால் தமிழில் எழுத எனக்குக் கை வராது என்று அப்போது ஒரு சாக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல. அக்காவை இன்னும் அடக்கம் செய்திருக்கவில்லை. அக்கா வாழ்ந்த அந்தச் சிறிய ஊரில் மாசி பங்குனியில் பூமி பாறைபோல உறைந்து கிடக்குமாம். மண் இளகும்வரை காத்திருந்துதான் அந்த ஊர்க் கல்லறையில் குழி வெட்டுவார்களாம். அதுவரை அக்கா ஒரு குளிர் அறையில் இருந்தார். மண்ணுக்குள் போகாத ஒருவரைப் பற்றி "இருந்தார்" என்று எப்படி எழுதுவது? இந்த வாரம்தான் அடக்கம் நடந்தது. இப்போது எழுதுகிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பெரியப்பா மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் லாரி ஓட்டியவர். அக்கா வேலூரில் நர்சிங் படித்தார். பிறகு திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்தார். அங்கிருந்து கனடா போனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அங்கே முதியவர்களுக்கான ஒரு இல்லத்தில் நர்ஸாக இருந்தார். நம் கோயிலின் அறுப்புப் பண்டிகைக்கு ஒவ்வொரு வருஷமும் தன் தோட்டத்துக் காய்களைப் பரப்பிவைத்துப் படம் எடுத்து அனுப்புவாரே, அவர்தான் என்றால் பல பேருக்கு நினைவுக்கு வரும். ஒரு வருஷம் அக்கா விளைவித்த பூசணிக்காயின் படத்தை, காய் இல்லாமல் படத்தை மட்டும், யாரோ பண்டிகை ஏலத்தில் எடுத்தார்கள்.

அக்கா பயந்தவர். இதை நான் மரியாதைக் குறைவாக எழுதவில்லை. அவரே சொல்லிக்கொள்வார். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், லிப்ட்டுக்குப் பயம். வேலைக்குப் போகும் நாட்களில் திருப்பதி பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு லாரியை முந்தும்போதும் "அன்னா, மெல்லகா" என்று தெலுங்கில் கெஞ்சுவாராம். போகப்போக, அவர் ஏறியதுமே கண்டக்டர் டிரைவருக்குக் குரல் கொடுப்பாராம், சிஸ்டர் ஏறிட்டாங்க, பிரேக்கைப் பார்த்து வைத்துக்கொள் என்று. கனடா போகிறேன் என்று அக்கா சொன்ன அன்றைக்குப் பெரியப்பா ரொம்ப நேரம் சிரித்தார். "பல்லிக்கு பயந்துகினு அலறும், இது பனிக்கு போவுதாம்" என்றார். ஏர்போர்ட்டில் அந்தச் சிரிப்பு அவரிடம் இல்லை.

முதல் இரண்டு குளிர்காலத்தை எப்படிக் கழித்தார் என்று அக்கா யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. பின்வாசல் உள்ள ஒரு வீடு கிடைத்த பிறகுதான் அவர் குரல் போனில் மாறியது. நாலு பாத்தி போட இடம் இருந்தது. அங்கே எல்லோரும் மே மாதக் கடைசியில் நாற்று நடுவார்கள். அந்த வருஷம் இந்தப் பக்கம் வீட்டிலும் அந்தப் பக்கம் வீட்டிலும் நட்டுக்கொண்டிருக்க, அக்கா மட்டும் சும்மா இருந்தார். ஏனென்றால் பெரியப்பா சொல்லியிருந்தார், ஆடிப்பட்டம் தேடி விதை என்று. விஜயபுரத்துப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவருக்கு அது வேதவாக்கு. அக்கா ஆடிக்காகக் காத்திருந்தார்.

ஆடி பிறந்ததும் அவரைக்கொட்டை ஊன்றினார், வெண்டை விதைத்தார், தக்காளி விதைத்தார், ஓரத்தில் நாம் பந்திப்பூ என்கிற செண்டுமல்லியும் போட்டார். அந்த ஊர்க் கோடையில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெயில் அடிக்குமாம். செடிகள் தளதளவென்று வந்தன. பெரியப்பா போனில் வந்த படங்களைச் சபை முழுக்கக் காட்டினார். புரட்டாசி பிறந்து, அவரைக்கொடி பூ எடுத்த சமயத்தில், ஒரு காலையில் அக்கா பின்கதவைத் திறந்தபோது எல்லாம் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின. போனில் அவர் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

"எவனாச்சும் மருந்து அடிச்சிட்டானா பாரு" என்றார் பெரியப்பா.

"யாரும் அடிக்கல நைனா. ராத்திரி பனி ஒண்ணு வந்துட்டு போச்சி, அவ்ளோதான்."

அதற்குப் பிறகு பெரியப்பா அந்தப் பழமொழியை வாயால் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் பனி உருகும் சமயம் கேட்பார், "இன்னாம்மா, உங்க ஊர் ஆடி எப்ப வருது?" என்று. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் மே மாதக் கடைசிக்கு "மெர்சியோட ஆடி" என்றுதான் பெயர்.

அந்தக் கறுத்த செடிகளுக்குப் பிறகு அக்கா அங்கே விதை தேர்ந்தெடுக்கும் முறையே மாறியது. விதைப் பாக்கெட்டில் படத்தைப் பார்க்க மாட்டார். பின்பக்கம் திருப்பி, எத்தனை நாளில் காய்க்கும் என்று போட்டிருப்பதைத்தான் முதலில் பார்ப்பார். பனிக்கும் பனிக்கும் நடுவில் அந்த ஊருக்குக் கிடைப்பது மூன்று மாதமும் சொச்சமும்தான். அதற்குள் முடிவதைத்தான் வாங்க வேண்டும். பெரிய தக்காளி ஆசை காட்டும், பழுக்கவே பழுக்காது. சின்னத் தக்காளி பழுத்துவிடும். வெண்டையை விட்டுவிட்டார். மனசில்லாமல்தான் விட்டார். பட்டாணி, முள்ளங்கி, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் பிடித்துக்கொண்டன. "நமக்கு புடிச்சத விதைக்கக் கூடாதுடீ, அந்த மண்ணுக்கு புடிச்சத விதைக்கணும்" என்பார். பூக்களிலும் அப்படியே. மல்லிகைச் செடி ஒன்றை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்துக் காப்பாற்றிப் பார்த்தார், ஒரு மொட்டு வைத்துவிட்டு அது போய்விட்டது. பான்சி என்றொரு பூ. குழந்தை முகம்போல இருக்கும். லேசான பனி விழுந்தாலும் தலையை நிமிர்த்தி நிற்கும். அதற்கு அக்கா "தைரியசாலி" என்று பெயர் வைத்திருந்தார். தனக்கில்லாதது அதற்கு இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்.

குளிரே வேண்டும் என்று கேட்கும் செடிகளும் இருக்கின்றன என்பது எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். பூண்டை ஐப்பசியில் ஊன்றி, மேலே வைக்கோல் போட்டு விட்டுவிடுவார். அதன்மேல் ஆள் உயரத்துக்குப் பனி விழும். உள்ளே அது தூங்கும். பனி மூடாத வருஷத்தில்தான் பூண்டு செத்துப்போகுமாம். மூடிவிட்டால் அதுவே கம்பளியாம். இதைக் கேட்டு என் அம்மா, "அய்ய, ஐஸு கம்பளியா? யாருகிட்ட சொல்றே?" என்று கேலி செய்தார்.

இனி புடவைகள். புரட்டாசி பக்கம் திடீரென்று ஒரு ராத்திரி பனி உறையும், மறுபடி ரெண்டு வாரம் நல்ல வெயில் அடிக்கும். அந்த ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டால் தக்காளி பிழைத்துவிடும். அதற்குச் செடிகளைத் துணியால் போர்த்த வேண்டும். பிளாஸ்டிக் போட்டால் இலையில் பட்ட இடம் கருகிவிடும். நல்ல பருத்தித் துணி வேண்டும், பழசாக, மெத்தென்று, நீளமாக. அக்கா யோசித்துப் பார்த்தார். பிறகு பெரியம்மாவுக்குப் போன் போட்டு, கிழிந்த புடவை எதையும் பாத்திரக்காரனிடம் போடாதே என்று சொன்னார்.

கோடையில் தோட்டத்தை விட்டு வர மாட்டார். கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார். திரும்பிப் போகும்போது பெட்டியில் ஊறுகாயைவிடப் பழைய புடவைகள்தான் அதிகம். பெரியம்மாவின் மெல்லிய ஊதா வாயில் புடவை, என் அம்மாவின் கட்டம் போட்ட நூல் புடவை, ஐயரம்மா கொடுத்த வெள்ளை, சந்தில் உள்ள அத்தனை பெண்களும் ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு தடவை ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தவர், இத்தனை கந்தல் எதற்கு என்று கேட்டாராம். செடிக்குப் போர்த்த என்று அக்கா சொல்ல, அவர் பெட்டியை மூடிவிட்டு, போங்கம்மா என்றாராம். அந்தப் புடவைகளைக் குச்சி நட்டுக் கொட்டகைபோலப் போர்த்திய படங்கள் வரும். நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து எதையோ பேசிக்கொண்டிருப்பதைப்போல இருக்கும். "எங்க பொடவங்க எல்லாம் பாரின் போயிடுச்சி. நாங்கதான் இங்கியே கீறோம்" என்று அம்மா சொல்லாத வருஷம் இல்லை.

வானிலையில் லேசாகக் குளிர் என்று சொன்னாலும் அக்கா போர்த்திவிடுவார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது வேடிக்கை. உன்னிடம் புடவை போதுமான அளவு இருந்தால் ஏரியையே போர்த்துவாய் என்பாராம். ஆனால் ஒரு வருஷம் ஜூன் மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத பனி விழுந்து, அந்தத் தெரு முழுக்கத் தக்காளி கருகிப்போயிருக்கிறது. புடவைக்கு அடியில் இருந்தது மட்டும் பிழைத்திருக்கிறது. அடுத்த வருஷம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்று, ஒரு புடவை இருக்குமா என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் போனது என் அம்மாவுடைய கட்டம் போட்ட புடவை.

பெரியப்பா காலமாகி, எனக்குக் கல்யாணமாகி, நிஸ்ஸி பிறந்த வருஷம் அக்கா கிறிஸ்துமஸுக்கு வந்தார். அதுதான் கடைசித் தடவை. நிஸ்ஸி குறைமாதத்தில் பிறந்தவள். நான் யாரையும் தொட விடமாட்டேன். தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டுப் படுப்பேன். உடனே எழுந்து திரும்பப் பார்ப்பேன். "ஊர்ல யாரும் புள்ள பெக்கல, இவதான் பெத்துட்டா" என்று அம்மாவே சொல்லிக் காட்டுவார். ஒரு மத்தியானம் நான் அப்படி விரலை வைத்திருந்தபோது அக்கா பார்த்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்கா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் தன் விரலை நிஸ்ஸியின் மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"வருது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "தைரியசாலிங்க எல்லாம் நல்லா தூங்குவாங்கடீ ஷீபா. பயப்படறவதான் எழுந்து போயி போத்துவா" என்றார்.

என்னிடம் பயப்படாதே என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். அக்காதான் தான் வேலை பார்த்த முதியோர் இல்லத்திலேயே அவருக்கு வேலைக்குச் சொல்லி, போன வருஷம் மழைக்காலத்தில் வரவழைத்துக்கொண்டார். தன் வீட்டின் கீழறையையும் கொடுத்தார். நானும் நிஸ்ஸியும் பின்னால் போவதாக ஏற்பாடு. எப்போது வருவது என்று கேட்டதற்கு அக்கா யோசிக்காமல் சொன்னார், ஆடியில் வா என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த ஆடி அக்கா, உங்கள் ஆடியா, எங்கள் ஆடியா என்று கேட்டேன்.

"நெஜ ஆடிதான். உள்ள வளத்த நாத்த ஒரே நாள்ல வெளிய நட்டா செத்துடும். மொத நாள் நிழல்ல கொஞ்ச நேரம் வெச்சிட்டு உள்ள எடுத்துகினு வரணும். மறுநாள் இன்னும் கொஞ்சம். உன் பொண்ணும் அப்பிடித்தான். ஆடியில வெயிலு நல்லா கீது. வந்து, கொஞ்சம் கொஞ்சமா பழகிட்டான்னா, குளிர் வர்றப்ப அவளுக்கு அது புதுசா இருக்காது. அவள நான் பாத்துக்கறேன்."

கடைசி வார்த்தையை நம்பித்தான் டிக்கெட் போட்டோம். அக்கா நர்ஸ். இழுப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர். என்னைப்போலவே எழுந்து பார்ப்பவர். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு ஜோடிக் கண்கள்தான். மாசியில் அவையும் மூடிவிட்டன.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். அக்காவைக் குளிர்தான் சாப்பிட்டுவிட்டது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் சொன்னது வேறு, சித்தூரில் இருந்தாலும் இது நடந்திருக்கும் என்றாராம். அதைச் சொல்ல வாய் திறந்தால், எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. போனில் அந்த ஊர் வெப்பநிலையைப் பார்ப்பேன். எண்ணுக்கு முன்னால் அந்தச் சின்னக் கோடு, மைனஸ், இருக்கும். நிஸ்ஸியின் மூச்சுக்குழல் எவ்வளவு அகலம் இருக்கும் என்று நினைப்பேன். ஒரு ஸ்ட்ரா அளவு இருக்குமா? அதற்குள் அந்தக் காற்று போக வேண்டும். அம்மா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"பொணத்த பொதைக்க மண்ண தோண்ட முடியாத ஊரு. அங்க என் பேத்திய இட்டுகினு போவியா நீ?"

அன்றைக்கே சாலமனிடம், திரும்பி வந்துவிடுங்கள் என்று அழுதேன். அவர் கோபப்படவில்லை. சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார், இந்த டிரேக்களை நான் என்ன செய்வது என்று.

அக்கா போவதற்குச் சில நாள் முன்னால் ஜன்னலோரம் டிரேக்களில் விதை போட்டிருந்தார். வெங்காயமும் பெட்டூனியா என்ற பூச்செடியும் நூல் நூலாக வந்திருந்தன. தக்காளி இன்னும் முளைக்கவில்லை. சாலமனுக்கு ஒயரைத் தவிர எதுவும் தெரியாது. எனக்கும் தோட்டம் தெரியாது. ஆனால் அக்கா போனில் சொன்னதெல்லாம் என் காதில் இருந்தது. எத்தனையோ வருஷமாகக் கேட்டுச் சேர்ந்தது அது, கடைசியில் நிஸ்ஸிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டது. மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டில் ஊற்றி அடியில் வையுங்கள், மண்ணே உறிஞ்சிக்கொள்ளும் என்றேன். அதற்குள் அவர் மேலேயே ஊற்றி, பெட்டூனியா முழுக்க அழுகிச் சாய்ந்துவிட்டிருந்தது. இங்கே கோயிலில் நினைவு ஜெபம் நடந்த வாரத்தில் தக்காளி முளைத்தது. சாலமன் படம் அனுப்பினார். பெரியம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பெரியம்மாவைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். சித்திரை வெயில் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் பெரியம்மா ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் போட விடவில்லை. வியர்வை வழியும். அதை எடுங்கள் பெரீம்மா என்றால், "அவ வெளிய கீறா" என்பார். அவ்வளவுதான். மகள் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை, மூடப்படவில்லை என்பதுதான் அவருடைய நினைப்பு. அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்தத் தைரியத்தில் அந்த ஊருக்கு விமானம் ஏறத் தோன்றும்?

வைகாசி பிறந்து மண் இளகியது. அடக்கத்தைப் பெரியம்மா வீட்டில் எல்லோரும் சேர்ந்து போனில் பார்த்தோம். இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம், அங்கே காலை. அந்த இல்லத்தில் வேலை செய்பவர்கள் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இங்கிருந்து நாம் பாடினோம், அங்கே அது கொஞ்சம் தாமதமாகக் கேட்டிருக்கும். சாலமன் முதல் மண்ணை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டார். கறுப்பு மண். பொலபொலவென்று விழுந்தது. பெரியம்மா கம்பளியைக் கழற்றி மடித்துக் கீழே வைத்தார்.

மறுநாள் விடிந்ததும், நிஸ்ஸிக்குப் பால் ஆற்றிக்கொண்டே, பழக்கத்தில் அந்த ஊர் வெப்பநிலையைப் பார்த்தேன். அன்றைய ராத்திரிக்கு அந்தச் சின்னக் கோடு திரும்ப வந்திருந்தது. தக்காளி நாற்றுகளை அடக்கத்துக்கு முந்தின நாள்தான் சாலமன் வெளியே பாத்தியில் நட்டிருந்தார், தெருவில் எல்லோரும் நடுகிறார்கள் என்று. உடனே போன் போட்டேன். அங்கே இன்னும் அடக்கம் நடந்த அதே நாள், பொழுது சாயவில்லை. அவர் களைத்துப்போயிருந்தார். ஒண்ணும் ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிட்டார், நீ எதற்கெடுத்தாலும் பயப்படாதே என்றார்.

"பயமா கீது. போத்துங்க" என்றேன்.

"ஷீபா..."

"அக்கா இருந்தா போத்தி இருப்பாங்க. கேரேஜில பெட்டி கீது. எடுங்க."

அவர் போனை வேலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். பால் தம்ளரை வைத்துவிட்டு, நிஸ்ஸியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை. பெரியம்மாவும் நானும் குழந்தையும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தோம். சாலமன் குச்சிகளை நட்டு ஒவ்வொரு புடவையாக எடுத்து உதறி விரித்தார். ஐயரம்மாவின் வெள்ளை. பிறகு எனக்கு யாருடையது என்று தெரியாத ஒரு பச்சை. பிறகு ஊதா வாயில் புடவை.

பெரியம்மா திரைக்கு அருகே குனிந்தார். "என் பொடவ" என்றார். பிறகு அதே கேள்வி. "குளிரா கீதாப்பா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். சாலமன் முந்திக்கொண்டார். அவருடைய மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. "ஆமா பெரீம்மா, குளிர்தான். போத்திகினு கீறேன்."

பெரியம்மா தலையாட்டினார். ஓரம் பறக்கிறது, கல்லை வை என்றார். சாலமன் கல்லை வைத்தார். அந்தப் பக்கமும் என்றார். வைத்தார். நிஸ்ஸி திரையைத் தொட்டு, ஆயா பொடவ, ஆயா பொடவ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், அந்தப் பெரியவர் தன் செடிகளுக்கு மேல் கட்டம் போட்ட ஒரு துணியை விரித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம், அங்கே விடிந்ததும், சாலமன் படம் அனுப்பினார். புடவைகளின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டியிருந்தார். அடியில் பச்சையாக இருந்தன. ஒரு மூலையில் இரண்டு செடிக்குத் துணி எட்டவில்லை. அந்த இரண்டும் கறுத்துவிட்டன. அந்த இரண்டையும் நான் பெரிதாக்கிப் பார்த்தேன், ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு பெரியம்மாவிடம் காட்டினேன்.

மறுநாள் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா போன பிறகு அவர் படியிறங்கியது அதுதான் முதல் தடவை. கையில் மூன்று புடவைகள், மடித்து. எதுவும் பழசில்லை. அம்மா கூடத்தில் இருந்தார். பெரியம்மா அவரைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"பொடவ பத்தல அங்க. மூலையில ரெண்டு போச்சி. இத்த எடுத்துகினு போ."

அம்மா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

ஆடியில் வருகிறோம், அக்கா. பெட்டியில் நிஸ்ஸியின் நெபுலைசர் இருக்கும், ஸ்வெட்டர் இருக்கும், அம்மா முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்த நீலப் புடவை இருக்கும். எனக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். உங்கள்மேல் இப்போது மண் இருக்கிறது, வருகிற மார்கழியில் பனியும் மூடும். அது கம்பளி என்று நீங்கள் சொன்னதைப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். நம்பினாரா என்று தெரியவில்லை. முதல் நாள் நிஸ்ஸியை உங்கள் பின்வாசலுக்குக் கொஞ்ச நேரம் தூக்கிக்கொண்டு வருவேன், நிழலில். பிறகு உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவேன். தூங்குங்கள் அக்கா. இனி நான் எழுந்து பார்த்துக்கொள்கிறேன்.